பள்ளிக்கு முன் ஒரு வீடு

1946ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு வழிகாட்டி நாய்ப் பள்ளி தன் கணக்கைப் பார்த்துத் தலையில் கை வைத்தது. பயிற்சிக்கு எடுத்த நாய்களில் தேறியவை நூற்றுக்கு ஒன்பதுதான். போரில் கண்ணிழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1942இல் தொடங்கிய பள்ளி அது. பெயர் ‘கைட் டோக்ஸ் ஃபோர் த பிளைண்ட்’. இந்த வேலையில் ஒரு நாய் தோற்றுப்போவதற்கு அறிவுக் குறைவு காரணமாவது அபூர்வம். லொறி ஹோர்னுக்கு ஒடுங்கினாலோ, படிக்கட்டைக் கண்டு கால் பின்வாங்கினாலோ, ஓடும் பூனையைப் பார்த்து இழுத்தாலோ, பார்வையில்லாத ஒருவரின் உயிரை அதன் கையில் ஒப்படைக்க முடியாது. அப்படியானால் நூறில் தொண்ணூற்றொன்றை வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும்.

பள்ளியில் குட்டிகளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கிளாரன்ஸ் பாஃபன்பர்கர் என்ற தன்னார்வலரிடம் இருந்தது. இந்தப் புதிரை அவர் நாட்டின் மறுகோடியிலுள்ள பார் ஹாபருக்கு எடுத்துப் போனார். அங்கே ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜோன் போல் ஸ்கொட்டும் அவருடைய கூட்டாளிகளும் நாய்க்குட்டிகள் வளரும் விதத்தை வாரம் வாரமாகக் குறித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு பரிசோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டேனியல் ஃப்ரீட்மன், ஜோன் கிங், ஒர்வில் எலியட் ஆகிய மூவரும் 1961இல் வெளியிட்டது அது. உயரமான பலகை வேலி அடைத்த வெளியில் நாய்க்குட்டிகளைத் தாயோடு விட்டார்கள். தீனியும் தண்ணீரும் உள்ளே போகும். மனித முகம் மட்டும் தெரியாது. பிறகு சில குட்டிகளை இரண்டாம் வாரத்திலும், சிலவற்றை மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வாரங்களிலும் வெளியே எடுத்து, ஒரே ஒரு வாரம் மனிதரோடு பழக விட்டு, மறுபடியும் வேலிக்குள் விட்டார்கள். மூன்றாம் வாரத்தில் வந்த குட்டி, சும்மா உட்கார்ந்திருந்த ஆளிடம் நேரே நடந்து போய் மோந்து பார்த்தது. ஏழாம் வாரத்தில் வந்தது, கிட்டே வர நாட்களை எடுத்துக்கொண்டது. சில குட்டிகளைப் பதினான்கு வாரம் வரை வெளியே எடுக்கவே இல்லை. அவை மனிதரிடம் வரவேயில்லை. அவற்றில் ஒன்றை மூன்று மாதம் கையால் ஊட்டி, தடவிக்கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான். வீட்டு நாயின் வயிற்றில் பிறந்த குட்டி, காட்டு விலங்காகவே நின்றுவிட்டது.

காரணம் மூளை முதிரும் வேகத்தில் இருக்கிறது. குட்டிக்கு இரண்டு வாரத்தில் கண் திறக்கும், மூன்றாம் வாரம் அளவில் காது கேட்கத் தொடங்கும். அப்போது புதுப் பொருளைத் தேடிப் போகும் துடிப்பு உச்சத்தில் இருக்கும். அச்சம் இன்னும் விழித்திருக்காது. ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு அச்சம் மெல்ல மெல்ல ஏறி, பன்னிரண்டு முதல் பதினான்கு வாரத்துக்குள் அதன் கை ஓங்கிவிடும். அதற்குமுன் பார்த்தது, கேட்டது, மிதித்தது எல்லாம் ‘உலகம்’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வருவது ஒவ்வொன்றும் விசாரணைக்கு உட்பட்டே உள்ளே போகும். கதவு ஒரேயடியாக அடைபடுவதில்லை. ஆனால் திறக்கும் செலவு வாரத்துக்கு வாரம் கூடும்.

இதை வைத்துக்கொண்டு பாஃபன்பர்கரும் ஸ்கொட்டும் பள்ளியின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். குட்டிகளுக்குப் பன்னிரண்டு வாரம் வரை கொட்டிலில் வாராவாரம் சோதனை நடக்கும். அது முடிந்ததும் ஊர்க் குடும்பங்களுக்கு, பெரும்பாலும் ‘ஃபோர்-எச்’ என்ற கிராமிய இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்கு, வளர்க்கக் கொடுப்பார்கள். சோதனை முடிந்து ஒரு வாரத்துக்குள் வீடு போன குட்டிகளில் 90 சதவீதம் பின்னாளில் வழிகாட்டி நாயாகத் தேறின. மூன்று வாரத்துக்கு மேல் கொட்டிலிலேயே கிடந்தவற்றில் தேறியவை 30 சதவீதம். இரண்டும் அதே பள்ளியின் குட்டிகள்தான். இடையில் இருந்தது சில வாரக் கொட்டில் வாசம்தான். 1958 ஆகும்போது அந்தப் பள்ளியின் தேர்ச்சி ஒன்பதிலிருந்து தொண்ணூறுக்கு ஏறிவிட்டது. நல்ல குணமுள்ள பெற்றோரைப் பார்த்து இனப்பெருக்கம் செய்ததற்கும் இதில் பெரும் பங்குண்டு. ஆனால் வீடு இல்லாமல் அந்த எண்ணிக்கை வந்திருக்காது. பிரிட்டனில் டெரெக் ஃப்ரீமன் 1956இல் குட்டிகளைத் தன்னார்வக் குடும்பங்களில் வளர்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இன்று உலகத்து வழிகாட்டி நாய்ப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியில்தான் நடக்கின்றன. குட்டிக்கு ஏறத்தாழ எட்டு வாரமாகும்போது ஒரு குடும்பம் பொறுப்பேற்கும். ஒரு வயதைத் தாண்டியதும் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும்.

இலங்கையில், எங்கள் நிவித்திகலப் பக்கத்துத் தோட்டங்களில் இதே பரிசோதனை யாரும் நடத்தாமலே தினமும் நடக்கிறது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இஸ்தோப்பு மூலையில், கிழிந்த கொழுந்துச் சாக்கின்மேல் பிறக்கிற குட்டியைப் பாருங்கள். காது திறந்த நாளிலிருந்து அதற்குத் தகரக் கூரையில் இறங்கும் இரத்தினபுரி மாவட்டத்து மழை கேட்கிறது. ஸ்டோர் சங்கு கேட்கிறது. பள்ளத்தில் மாணிக்கக் குழியிலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் உறுமல், திருவிழாத் தப்பு, பக்கத்துக் காம்பராவின் டிவி, ஆடு, கோழி, வாலைப் பிடித்து இழுக்கும் பிள்ளைகள் எல்லாம் அதன் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே வந்து போகின்றன. அதே தோட்டத்தில் பங்களாக் கூண்டுக்குள் வளரும் அல்சேஷனுக்குத் தெரிந்த முகங்கள் நாலோ ஐந்தோ. ஆறு மாதத்தில் அது படங்கு கட்டிக்கொண்டு போகிற பெண்ணைக் கண்டாலும் கம்பியைக் கடிக்கும். ‘சாதி நாய், அதுதான் கோபம்’ என்பார்கள். சாதியைவிடக் கூண்டுக்கே அதில் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

லயத்துக் குட்டிக்கு மனிதரைப் படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கும் ஓரளவு விடை இருக்கிறது. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு இந்திய நகரங்களில் 160 தெருநாய்களைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டது. இரண்டு மூடிய கிண்ணங்களை வைத்து, முன்பின் அறியாத ஒருவர் ஒன்றைக் கையால் சுட்டுவார். ஏறக்குறைய பாதி நாய்கள் கிட்டேயே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம், சுட்டிய கிண்ணத்துக்கே போயின. இவற்றுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. வராத பாதியையும் மறக்கக்கூடாது. கல்லெறி வாங்கிய நாய்க்கு நீட்டிய கை என்பது முதலில் தப்பி ஓட வேண்டிய ஒன்று.

அமெரிக்காவில் எமிலி பிரே என்பவர் வேறு பக்கமிருந்து வந்தார். உதவி நாயாகப் போகவிருந்த 375 குட்டிகளை, எட்டு வாரத்தில், வளர்ப்பு வீட்டுக்குப் போகுமுன்பே சோதித்தார். கை சுட்டுவதைப் புரிந்துகொள்ளும் திறனில் குட்டிக்குக் குட்டி தெரிந்த வேறுபாட்டில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பரம்பரையால் வருவது என்று 2021இல் அந்த ஆய்வு சொன்னது. ஆக, வளர்ப்பவர் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. குட்டி பாடத்தின் ஒரு பகுதியைப் பிறக்கும்போதே படித்துவிட்டு வருகிறது. அதைக் கெடுக்காமல் காப்பதே வளர்ப்பு வீட்டின் வேலையில் பெரும்பகுதி.

அதற்காக லயத்துக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வழிகாட்டி நாயாக்கிவிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்ராவின் குழு மேற்கு வங்கத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தது. குட்டி போடும் வயதுவரை தங்கியவை 19 சதவீதம். மடிந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றின் சாவுக்கு, நேராகவோ சுற்றிவளைத்தோ, மனிதர் காரணம். தப்பிய குட்டியும் குப்பையில் கருவாட்டுத் தலை பொறுக்கவும், மோட்டார் சைக்கிளைத் துரத்தவும், அடுத்த லயத்து நாயோடு சண்டை பிடிக்கவும் கற்றுக்கொண்டுதான் வளர்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் வழிகாட்டி வேலைக்கு அது ஆகாது.

சரி, வளர்ப்புக் குடும்பம் அப்படி என்னதான் செய்கிறது? வழிகாட்டும் வேலையை அது கற்பிப்பதே இல்லை. தடையைச் சுற்றிப் போவது, ரோட்டின் ஓரத்தில் நிற்பது, வாகனம் வரும்போது ‘போ’ என்று சொன்னாலும் மறுத்து நிற்பது எல்லாம் பின்னாளில் பள்ளியில் சில மாதங்களில் வந்துவிடும். அந்தக் கடைசிப் பாடம் விசேஷமானது: எசமானின் சொல்லைக் கேட்கக் கற்ற நாய், எந்த இடத்தில் கேட்கக்கூடாது என்பதையும் கற்க வேண்டும். பயந்த நாய்க்கு இது ஏறாது. பயந்த நாய் எல்லாவற்றுக்கும் நிற்கும். அது நிற்பதில் செய்தி எதுவும் இருக்காது.

வீட்டில் நடப்பது சின்னச் சின்னக் காரியம். ஒரு நாள் குட்டியைச் சிமெந்துப் படியில் நடத்துவது, மறுநாள் வடிகால்மேல் போட்ட இரும்புக் கம்பி வலையில். கீழே வெளிச்சம் தெரிகிற தரையில் கால் வைக்கக் குட்டி தயங்கும். இழுக்கக்கூடாது, தூக்கி வைக்கவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, அது ஒரு விரலை வைத்ததும் ஒரு துண்டுத் தீனி கொடுத்து, அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். குடை விரிவதை, பிரஷர் குக்கர் சீறுவதை, ஊன்றுகோலோடு நடப்பவரை, ஹெல்மெட் போட்டவரைக் காட்ட வேண்டும். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகப் பழக்க வேண்டும். பார்வையில்லாதவர் தேடிப் பொறுக்க முடியாது என்பதால் இது பெரிய விஷயம். காது, வாய், பாதம் எங்கே தொட்டாலும் சும்மா நிற்கப் பழக்க வேண்டும். ஈரவலயத்தில் இதற்குத் தனிப் பாடத்திட்டமே வேண்டாம். றப்பர் காட்டு ஒற்றையடிப் பாதையில் போய் வந்த ஒவ்வொரு முறையும் விரலிடுக்கை விரித்து அட்டை பார்த்தாக வேண்டும், காது மடலைத் திருப்பி உண்ணி பார்த்தாக வேண்டும். உண்ணி கொண்டுவரும் காய்ச்சல் இலங்கையில் நாய்களைக் கொல்லும் நோய்களில் ஒன்று. இருபது தடவை அட்டை பிடுங்க நின்ற குட்டி, டொக்டர் மேசையில் ஊசிக்கும் நிற்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டார் கல்நெஞ்சாக இருக்க வேண்டும். லாப்ரடோர் பார்க்கும் பார்வையைத் தாங்குவது லேசான காரியமில்லை. அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு மரபணு இருக்கிறது. கேம்பிரிட்ஜில் எலினோர் ராஃபனின் குழு 2016இல் கண்டது இது: வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ‘பொம்க்’ மரபணுவின் ஒரு துண்டு, லாப்ரடோர்களில் ஏறத்தாழ 23 சதவீதத்துக்கு இல்லை. அவர்கள் பார்த்த உதவி நாய் லாப்ரடோர்களில் இது 76 சதவீதம். தீனிக்காக எதையும் செய்யும் நாயைப் பழக்குவது சுலபம் என்பதால், யாரும் நினைக்காமலே தலைமுறை தலைமுறையாக இந்தக் குறை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். இந்த மாற்றம் உள்ள நாய், ஓய்வில் கால்பங்கு சக்தியைக் குறைவாகவே எரிக்கிறது என்று 2024இல் அதே குழு காட்டியது. பசி கூட, செலவு குறைய. பாவம் என்று பாட்டி நழுவவிடும் ரொட்டித் துண்டு, நாலு வருடத்தில் மூட்டில் வந்து நிற்கும்.

எங்கள் பக்கம் இந்த வேலையில் நிஜமான சிக்கல் தடுப்பூசிதான். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி மருந்து சரியாகப் பிடிக்காது. எந்த வாரத்தில் அது கரையும் என்பதும் குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவே ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம்வரை விட்டு விட்டுப் போடுகிறார்கள். மனம் திறந்திருக்கும் காலமோ பதினான்கில் முடிந்துவிடுகிறது. ஊசிகள் முடியட்டும் என்று குட்டியை வீட்டுக்குள் பூட்டினால், பார்வோ என்ற வைரஸ் நோயிலிருந்து தப்பிய ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்கும். தரையில் விட்டால், பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசி கண்டிராத நாய்கள் நடமாடும் லயத்து வாசலில் அது இருக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர்களின் சங்கம் 2008இல் ஒரு நிலைப்பாடு எடுத்தது: முதல் ஊசி போட்ட பிறகு, எல்லா ஊசியும் முடியக் காத்திராமல், கவனத்தோடு வெளியுலகைக் காட்டுங்கள் என்பதே அது. நடைமுறையில் அதன் பொருள், தூக்கிக்கொண்டு போவது. கைப்பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நிவித்திகலக் கடைவீதியில் நின்றால், பஸ், ஓட்டோ, மீன்காரரின் குரல் எல்லாம் குட்டிக்குக் கிடைக்கும். மண் மட்டும் படாது. நாலு மாத லாப்ரடோர் இரண்டு குழந்தை எடை இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விசர்நாய்க்கடி இதில் தனி அத்தியாயம். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் அதில் இறந்தார்கள். நாய்களுக்கு அரசு இலவசமாகப் போட்டுவரும் ஊசியால் இன்று அந்த எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே வந்திருக்கிறது. வழிகாட்டி நாய் நடக்கும் ரோட்டில் மற்ற நாய்களும் ஊசி போட்டவையாக இருந்தால்தான் அந்த ஏற்பாடு நிலைக்கும். கடிபட்ட வழிகாட்டி நாய் உடல் தேறினாலும், நாய்களைக் கண்டு ஒதுங்கத் தொடங்கினால் வேலைக்கு உதவாது.

எட்டாம் மாதத்தில் வளர்ப்பவருக்கு அழுகை வரும். அதுவரை ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்த குட்டி, காது கேட்காத மாதிரி நிற்கும். நியூகாசல் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷரும் மற்றவர்களும் பிரிட்டன் வழிகாட்டிக் குட்டிகளை ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் சோதித்து 2020இல் எழுதினார்கள். எட்டு மாதக் குட்டி வளர்ப்பவரின் சொல்லை மீறியது. முன்பின் தெரியாத ஆள் சொன்னபோது கேட்டது. வளர்ப்பவரிடம் அதிகம் ஒட்டிக்கொண்டு, பிரிந்தால் தவித்த குட்டிகளிடம் இந்த முரண்டு இன்னும் கூடுதல். பன்னிரண்டு மாதமாகும்போது வழிக்கு வந்துவிட்டன. வீட்டில் விடலைப் பையன் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மாதங்களில்தான் பலர் அடிக்கத் தொடங்குகிறார்கள், கட்டிப்போடுகிறார்கள், யாருக்காவது கொடுத்துவிடுகிறார்கள். பருவ மாற்றம் என்று தெரிந்த வீடு நாலு மாதம் பொறுத்துக்கொள்ளும்.

“வளர்த்து இன்னொருத்தர் கையில குடுக்கிறதுக்கா இவ்வளவு பாடு?” என்று லயத்தில் யாராவது கேட்டால், நியாயமான கேள்வி. கொடுத்துத்தான் ஆக வேண்டும். நாய்க்கு அதனால் நிரந்தரக் கேடு வருவதாகத் தெரியவில்லை. பல முகங்களோடு வளர்ந்த நாய் புது ஆளையும் சில வாரங்களில் தன்னவராக்கிக்கொள்கிறது. மனிதருக்குத்தான் பாடு. அப்படிக் கொடுத்தும் எல்லாம் தேறுவதில்லை. இன்றைய பள்ளிகள் பலவற்றில் ஏறக்குறைய பாதி விழுந்துவிடும். இடுப்பு மூட்டு, கண், தோல் ஒவ்வாமை, பட்டாசுப் பயம் என்று காரணங்கள் பல. வளர்ப்பு வீட்டின் குற்றம் இல்லாத காரணங்களும் உண்டு. நியூ ஜெர்சியின் ‘சீயிங் ஐ’ பள்ளியில் எமிலி பிரே 23 தாய்களையும் அவற்றின் 98 குட்டிகளையும் பிறந்த நாள் முதல் கவனித்து 2017இல் எழுதியது பலருக்கு வியப்பாக இருந்தது. எப்போதும் நக்கி, அணைத்து, படுத்தபடியே பால் கொடுத்த தாயின் குட்டிகள் அதிகம் விழுந்தன. நின்றோ உட்கார்ந்தோ பால் கொடுத்து, குட்டியை எட்டிக் குடிக்க வைத்த தாயின் குட்டிகள் அதிகம் தேறின. ஒரு பள்ளியின் ஒரே இனப்பெருக்கக் கூட்டத்தில் கண்டது என்பதால், இதை வைத்து மனிதத் தாய்மாருக்கு யாரும் புத்தி சொல்லக் கிளம்ப வேண்டாம்.

நம் நாட்டில் வேலை நாய்கள் புதிதல்ல. பொலிஸ் நாய்ப் பிரிவு 1948இலிருந்து இருக்கிறது; வடக்கில் கண்ணிவெடி மோந்து பிடித்த நாய்களும் உண்டு. அவை முகாமில் வளர்ந்து, ஒரே ஆளோடு, ஒரே வேலையைச் செய்பவை. வீடு வீடாகக் குட்டி வளர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு இங்கே வழக்கில் இல்லை. 1912இல் தொடங்கிய, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான பள்ளி இரத்மலானையில் இருக்கிறது, கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. தேவையைப் பற்றிச் சந்தேகமில்லை. கணக்குதான் கடினம். பாதி விழும் என்று வைத்தால், வருடத்துக்குப் பத்து நாய் வேண்டுமென்றால் இருபது வீடு வேண்டும், அதுவும் ஒரு வருடத்துக்கு மேல். குணம் பார்த்துச் சேர்த்த தாய் தந்தை வேண்டும், கூப்பிட்டால் வரக்கூடிய மிருக வைத்தியர் வேண்டும், பழகிய பயிற்சியாளர் வேண்டும். நாய் பத்து வயதுக்குள் ஓய்வுபெறும். உடனே அடுத்தது தயாராக இருக்க வேண்டும்.

இருபது வீட்டில் ஒன்று நிவித்திகலவில் இருக்கலாமா? தோட்டப் பாதையில் நடைபாதை இல்லை, கல்லும் சேறும்தான். பார்வையற்ற ஒருவருக்கு இங்கே வெள்ளைப் பிரம்பே கூடுதலாக உதவும் என்று நினைக்கிறேன். குட்டி வளர்க்க மட்டும் இந்த இடம் மோசமில்லை. சத்தம் இருக்கிறது, படி இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், மழை இருக்கிறது. இல்லாதவை லிஃப்ட், நகரும் படி, சிக்னல் விளக்கு, கண்ணாடிக் கதவு. அவற்றைக் காட்ட மாதத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தினபுரிக்கும், இடையிடையே கொழும்புக்கும் குட்டியைக் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில்தான் போக வேண்டும். பஸ் பழகுவதும் பாடம்தான். கழுத்தில் பள்ளியின் பட்டி கட்டிய குட்டி மிதிபலகையில் முன்காலை வைக்கும்போது கண்டக்டர் என்ன சொல்வார் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.